கற்றதை எழுதுவோன் கடமை

திருச்சிராப்பள்ளியில் விடுதியில் தங்கிக் கணிப்பொறியியல் பயிலும் இளைஞர் ஒருவர் அண்மையில் நம்மைக் காண வந்தார். அவர் கையில் தடித்த குறிப்பேடு ஒன்று இருந்தது. அதனை நம்முன் வைத்து, "இனி இதில் எழுதமாட்டேன். எழுதியதை யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன்" என்றார். குரலில் சினமில்லை, நாணம் இருந்தது. காரணம் கேட்டோம்.

இரண்டாண்டுகளாக அவர் ஒரு நல்ல பழக்கத்தை மேற்கொண்டிருந்தார். கணிப்பொறிக்கு நிரல் எழுதும் கலையில் தாம் அன்றன்று கற்றதை, எந்த இடத்தில் இடறினோம், எவ்வாறு எழுந்தோம் என்பதையெல்லாம், எளிய தமிழில் தம் சொந்தச் சொற்களால் எழுதி வந்தார். ஆங்கிலப் பாடநூலைக் கண்டு மிரளும் கிராமத்து மாணவர்கள் அதனைக் கேட்டு வாங்கிப் படித்தனர், நகலெடுத்துக் கொண்டனர். அந்த ஏட்டில் ஒரு பக்கம், நம் மார்க்கச் சட்டப்படி இறந்தவரின் சொத்தை வாரிசுகளுக்குப் பிரித்துத் தரும் நிரலைப் பற்றியது. ஃபராயிழ் என்னும் பாகப்பிரிவினைக் கல்வியை அறிவின் பாதி என்று நம் முன்னோர் போற்றினர். அதனைக் கணிப்பொறிக்குக் கற்பித்துவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் அப்பக்கத்தை அவர் பலருக்கும் வழங்கினார்.

பின்னொரு நாள், பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஒரு வழக்கை விளக்கிக் கொண்டிருந்தார்கள். இறந்தவர் ஒரு பெண்மணி. பிள்ளைகள் இல்லை, பெற்றோரும் இல்லை. கணவரும், உடன்பிறந்த சகோதரியர் இருவரும் மட்டுமே உள்ளனர். கணவருக்குரியது பாதி. சகோதரியர் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. இரண்டையும் கூட்டினால் ஆறில் ஏழு பங்கு ஆகிறது; அதாவது இருக்கும் சொத்தைவிடக் கொடுக்க வேண்டிய பங்கு மிகுந்துவிடுகிறது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் இத்தகைய வழக்கு எழுந்தபோது, நபித்தோழர்களைக் கலந்து, குறைவை எல்லாப் பங்கினர் மீதும் விகிதப்படி பகிர்ந்தளித்தார்கள் என்பர். அந்த முறைக்கு 'அவ்ல்' என்று பெயர். நான்கு மத்ஹபுகளும் அதனை ஏற்றுக் கொண்டன. அதன்படி சொத்து ஏழு கூறாகிக் கணவருக்கு மூன்றும் சகோதரியருக்கு நான்கும் சேரும்.

இளைஞரின் நிரலுக்கு இந்த விதி தெரியாது. அது வரிசைப்படி முதலில் கணவருக்குப் பாதியை ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைச் சகோதரியருக்குக் கொடுத்துவிடும். சொத்து 4,20,000 ரூபாய் என்று கொள்வோம். முறைப்படி கணவருக்கு 1,80,000 ரூபாயும், சகோதரியர் ஒவ்வொருவருக்கும் 1,20,000 ரூபாயும் கிடைக்க வேண்டும். நிரலோ கணவருக்கு 2,10,000 என்றும், சகோதரியருக்குத் தலைக்கு 1,05,000 என்றும் விடை சொல்லும். இரண்டு பெண்களின் உரிமையிலிருந்து 30,000 ரூபாய் ஓசையின்றிப் பறிபோகிறது. பறித்தவர் எவர் என்று கேட்டால், விரல் அந்தக் குறிப்பேட்டையே சுட்டும்.

"முழுதும் அறியாதவன் எழுதலாமா? எழுதியது என் பெருமைக்காகத்தானோ என்றும் இப்போது தோன்றுகிறது. மௌனமாக இருப்பதே ஈமானுக்குப் பாதுகாப்பு இல்லையா?" என்று அவர் கேட்டார்.

இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியதன்று. கற்றதைப் பிறருக்காக எழுதத் தொடங்கும் எவரும் ஒரு நாள் இதனைச் சந்தித்தே தீர வேண்டும். வினா மூன்று கூறுகளை உடையது. எழுதுவது கடமையா? எழுதுவோனின் உள்ளத்தை எவ்வாறு காப்பது? எழுத்தில் நேரும் பிழைக்கு யார் பொறுப்பு? இவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

ஆற்றின் அக்கரையில் ஒருவர்

திருச்சிராப்பள்ளியில் நின்று இந்த வினாவைக் கேட்கும்போது, காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே கிடக்கும் ஸ்ரீரங்கத்தின் நினைவு நமக்கு வருவது இயல்பே. அங்கே பாட்டியின் அரவணைப்பில் வளர்ந்த எஸ். ரங்கராஜன் என்பவரையே தமிழகம் 'சுஜாதா' என்று அறியும். 1935ஆம் ஆண்டு பிறந்த அவர், திருச்சி புனித வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்று, பின்னர்க் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் மின்னணுவியல் கற்றார். அதே வளனார் கல்லூரியில் இயற்பியல் படித்து 1954இல் தேறி, அதே எம்.ஐ.டி.க்குச் சென்ற மற்றொருவர், இராமேசுவரத்து மரைக்காயர் குடும்பத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் அவர்கள். ஒருவர் அரங்கனின் வீதியிலிருந்தும் மற்றவர் கடற்கரைப் பள்ளிவாசல் தெருவிலிருந்தும் வந்து, ஒரே கல்விச் சாலையில் ஒரே பாடத்தைக் கற்றனர் என்பது இம்மண்ணின் இயல்பைக் காட்டும்.

சுஜாதா விமானப் போக்குவரத்துத் துறையிலும், பின்னர்ப் பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் பணியாற்றினார். இன்று நாம் வாக்களிக்கும் மின்னணு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பங்குண்டு. பொறியாளராக அவர் ஆற்றிய பணியைத் துறையினர் அறிவர். நாம் இங்கே கருதுவது அவர் செய்த இன்னொரு காரியத்தை. 1965 முதல் 'கணையாழி' இதழின் கடைசிப் பக்கத்தை அவர் எழுதத் தொடங்கினார். ஆரம்பத்தில் அதற்கு அவர் இட்ட பெயர் 'ஸ்ரீரங்கம் எஸ். ஆர்.' என்பது. தாம் படித்தது, பார்த்தது, வியந்தது, சலித்தது எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் அடக்கினார். இடையிடையே விட்டும் தொட்டும் 1998 வரை அது தொடர்ந்தது. பிற இதழ்களிலும் கணிப்பொறியைப் பற்றியும் சிலிக்கன் சில்லைப் பற்றியும் அலுக்காமல் எழுதினார். கணிப்பொறி என்றால் குளிரூட்டிய அறைக்குள் வைத்துப் பூட்டிய பூதம் என்று மக்கள் எண்ணியிருந்த காலம் அது. அந்தப் பூட்டைத் தமிழில் திறந்தவர்களுள் அவர் முதன்மையானவர். 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 27ஆம் நாள் அவர் மறைந்தபோது, "இவரைப் படித்துத்தான் இந்தத் துறைக்கு வந்தேன்" என்று கூறியோர் எத்தனையோ பேர்.

அவர் முழுதும் கற்று முடித்த பின்னரா எழுத உட்கார்ந்தார்? இல்லை. அந்தத் துறையே நாளுக்கு நாள் வளர்ந்து கொண்டிருந்தது. கற்றுக் கொண்டே எழுதினார். எழுதுவதற்காகவே மேலும் கற்றார். முழுமை பெற்ற பிறகே எழுதுவேன் என்று அவர் காத்திருந்தால், அந்தப் பக்கங்கள் வெற்றுத் தாளாகவே இருந்திருக்கும். அவற்றைப் படித்து வளர வேண்டிய ஒரு தலைமுறையும் வேறெங்கோ போயிருக்கும்.

நம் சமுதாயத்திலேயே இதற்கு இன்னொரு சான்று உண்டு. அதிராம்பட்டினத்தைச் சேர்ந்த உமர் தம்பி அவர்கள், வளைகுடா நாட்டில் உழைத்த காலத்தில் தமிழ்க் கணிப்பொறிக்குச் செய்த தொண்டு பெரிது. ஒரு கணிப்பொறியில் எழுதிய தமிழ் மற்றொன்றில் கட்டங்களாகவும் கோடுகளாகவும் தெரிந்த காலம் ஒன்று இருந்தது. ஒவ்வொருவரும் தத்தம் எழுத்துருவைப் பிடித்துக் கொண்டிருந்தனர். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிக்கோடு முறை 1991இலேயே தமிழுக்கு இடம் தந்தபோதிலும், அதில் எழுதவும் படிக்கவும் எளிய கருவிகள் இல்லை. உமர் தம்பி 'தேனீ' என்னும் எழுத்துருவையும், தமிழைத் தட்டெழுத உதவும் செயலிகளையும் தாமே உருவாக்கி, எவரும் எடுத்துக் கொள்ளலாம் என்று விலையின்றி வழங்கினார். 2006ஆம் ஆண்டு அவர் மறைந்தார். அதன் பின்னரும் எத்தனையோ பேர் அவர் பெயரை அறியாமலேயே அவர் எழுத்தில் தமிழைப் படித்தனர்.

மனிதன் இறந்ததும் அவன் செயல்கள் அறுந்துவிடுகின்றன; மூன்று மட்டுமே தொடர்கின்றன என்று நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை நம் வீடுகளில் அறியாதார் இல்லை. நிலைத்த தருமம், பயன் தரும் கல்வி, பிரார்த்திக்கும் நல்ல பிள்ளை என்பன அவை. 'பயன் தரும் கல்வி' என்ற அந்த இரண்டாவது வாசலைப் பெரும்பாலோர் ஆலிம்களுக்கு மட்டுமே உரியதாக எண்ணிவிடுகிறோம். ஒரு கிராமத்துப் பிள்ளைக்கு நிரல் எழுதக் கற்றுக் கொடுத்து, அவன் அதனால் தன் குடும்பத்தைத் தாங்கினால், அந்தக் கல்வி பயன் தந்ததாகாதா? கேட்கப்பட்ட கல்வியை மறைப்பவனுக்கு மறுமையில் கடும் தண்டனை உண்டு என்ற எச்சரிக்கையும் நபிமொழியில் வந்துள்ளது. மார்க்கக் கல்வியைக் குறித்தே அது முதன்மையாகப் பேசுகிறது என்பது உண்மை. ஆயினும், பிறருக்குத் தேவைப்படும் அறிவைப் பூட்டி வைக்கும் மனப்பான்மையை அது எந்த இடத்திலும் மெச்சவில்லை.

எனவே முதற்கூறுக்கு விடை: எழுதத் தெரிந்தவன் எழுதுவது நன்று, கேட்பாருக்கு வேறு வழியில்லாதபோது அது கடமையை நெருங்குகிறது.

உள்ளத்தின் கணக்கு

இரண்டாவது வினா நுட்பமானது. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே அமைகின்றன என்பது நம் மார்க்கத்தின் அடித்தளம். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் தம் தொகுப்பின் முதல் நபிமொழியாக அதனையே வைத்தார்கள். எழுதுபவனுக்கோ முகத்துதி என்னும் ரியா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது. நான்கு பேர் பாராட்டினால் நாளை ஐந்தாவது பேருக்காகவே எழுதத் தோன்றும். எளிதாகச் சொல்ல முடிந்ததைக் கடினமாகச் சொல்லித் தன் புலமையைக் காட்டத் தோன்றும். நிரல் எழுதும் துறையில் இந்த நோய் மிகுதி. பத்து வரியில் தெளிவாக முடிவதை இரண்டு வரியில் சுருக்கி, எவருக்கும் விளங்காமல் செய்வதே திறமை என்று கருதுவோர் உளர்.

ஆனால் நோய்க்கு அஞ்சி உணவையே விலக்குவது மருத்துவமாகாது. பிறர் பார்ப்பர் என்பதற்காக நற்செயல் புரிவது எவ்வாறு முகத்துதியோ, அவ்வாறே பிறர் என்ன நினைப்பரோ என்பதற்காக நற்செயலைக் கைவிடுவதும் முகத்துதியின் மறுமுகமே என்று ஆன்மஞானியர் எச்சரித்தனர். இளைஞரின் மௌன விரதத்தை இந்த உரைகல்லில் உரைத்துப் பார்த்தோம். "தம்பி, பிழை வெளிப்பட்டதற்கு முன் நீர் எழுதுவதை நிறுத்த எண்ணியதுண்டா?" என்று கேட்டோம். இல்லை என்றார். அவ்வாறாயின் அவரைத் தடுத்தது இறையச்சம் மட்டுமன்று. நகைப்பார்களே என்ற அச்சமும் அதில் கலந்திருந்தது. அவரே அதை ஒப்புக் கொண்டார். பெருமைக்காக எழுதுவதும் பெருமை குலைந்ததற்காக நிறுத்துவதும் ஒரே வேரில் முளைத்த இரு கிளைகள்.

இந்த வேரை எவ்வாறு கண்டறிவது? ஒரு சோதனை உண்டு. நாம் எழுதியதைவிடச் சிறப்பாக மற்றொருவர் அதையே எழுதிவிட்டால், 'படிப்பவர்க்கு நல்லது கிடைத்தது' என்று நம் மனம் குளிர்கிறதா, அல்லது குமைகிறதா? குளிருமானால் நிய்யத் நலமாக உள்ளது. குமையுமானால் சிகிச்சை தேவை. சிகிச்சையும் எழுதுவதில்தான் இருக்கிறது: அவர் எழுதியதை எடுத்துக்காட்டி, இதனைப் படியுங்கள் என்று நம் ஏட்டிலேயே எழுத வேண்டும். கசக்கும், ஆனால் குணமாகும்.

இதனோடு சேர்ந்தது அமானிதம். ஒரு நபிமொழியை அறிவிப்பவர் தாம் எவரிடம் கேட்டார், அவர் எவரிடம் கேட்டார் என்று சங்கிலியாகச் சொல்லி வந்த சமுதாயம் நம்முடையது. நிரல்களின் உலகில் ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்துத் தம்முடையது போல் வெளியிடுவது எளிது. 'இந்த வழியை இன்னாரிடமிருந்து கற்றேன்' என்று ஒரு வரி எழுதுவதால் கற்றவரின் மதிப்புக் குறைவதில்லை. எழுதாமல் விடுவதால் பிறர் பொருளை எடுத்த பழி சேர்கிறது.

பிழையின் பொறுப்பு

மூன்றாவது வினாதான் இளைஞரை உறுத்தியது. பிழை நேருமே, என் செய்வது?

இங்கே வரலாறு நமக்கு ஆறுதலும் எச்சரிக்கையும் ஒருங்கே தருகிறது. கணிப்பொறிக்கென்று எழுதி அச்சில் வெளியான முதல் நிரல் என்று பலரும் கருதுவது, இங்கிலாந்தைச் சேர்ந்த ஏடா லவ்லேஸ் என்ற பெண்மணி 1843இல் எழுதியது. அது தனி நூலாக வரவில்லை. வேறொருவரின் கட்டுரையை மொழிபெயர்த்தவர், தமக்கு விளங்கியதை அடிக்குறிப்புகளாகச் சேர்த்தார். அக்குறிப்புகள் மூலக் கட்டுரையைவிட நீண்டுவிட்டன. அவற்றுள் ஒன்றில்தான் அந்த நிரல் இருக்கிறது. அதில் நான்காம் படியில், வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும் இடம் மாறி அச்சாகியிருக்கின்றன. ஆக, அச்சேறிய முதல் நிரலே பிழையோடுதான் பிறந்தது. அதற்காக அந்த அம்மையார் எழுதாமல் இருந்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை. குறிப்பு அச்சில் இருந்ததனால்தான் பிழையைப் பிறர் கண்டனர்; திருத்தவும் முடிந்தது. மௌனத்தில் பிழை இல்லை. ஆனால் மௌனத்தைத் திருத்த வழியும் இல்லை.

நெதர்லாந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ராவின் பழக்கமும் நினைக்கத்தக்கது. நிரல் எழுதும் கலையைச் செம்மைப்படுத்தியோருள் தலையாயவர் அவர். தம் சிந்தனைகளை மைப்பேனாவால் அழகிய கையெழுத்தில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் தம் பெயரின் முதலெழுத்துகளையும் வரிசை எண்ணையும் இட்டு, நகலெடுத்து நண்பர் சிலருக்கு அனுப்புவார். அவர்கள் மேலும் நகலெடுத்துப் பரப்புவர். இவ்வாறு நாற்பதாண்டுகளுக்கு மேல், 2002இல் அவர் மறையும் வரை, 1300க்கும் மிகுந்த குறிப்புகள் வெளிவந்தன. விடுதி அறையில் நகலெடுத்துக் கொடுத்த நம் இளைஞரும் தம்மை அறியாமலேயே அந்த வழியில் சென்றவர்தாம்.

ஆயினும் எச்சரிக்கையை மறக்கலாகாது. எல்லாப் பிழையும் ஒரே எடையுடையதன்று. பெயர்களை அகர வரிசையில் அடுக்கும் நிரலில் பிழை நேர்ந்தால் படிப்பவனுக்கு ஒரு மாலைப்பொழுது வீணாகும். மருந்தின் அளவையோ, வங்கிக் கணக்கையோ, வாரிசு உரிமையையோ கணக்கிடும் நிரலில் பிழை நேர்ந்தால், அந்த ஏட்டைக் கண்ணால் கூடக் காணாத ஒருவரின் உயிரோ உரிமையோ போகும். படிப்பவன் தன் விருப்பத்தால் நம்மை நம்புகிறான்; அந்த மூன்றாமவரோ நம்பவும் இல்லை, நம்மை அறியவும் இல்லை. அவருடைய உரிமை, அடியார்களின் ஹக்கு என்று நாம் சொல்லும் கணக்கில் சேரும். எனவே, எழுதும் பொருளால் பாதிக்கப்படக்கூடியவர் எவர் என்று முதலில் எண்ண வேண்டும். தன்னையும் படிப்பவனையும் தவிர வேறொருவர் அங்கே இருந்தால், அறிந்தவரிடம் காட்டாமல் ஓர் எழுத்தும் வெளியே செல்லலாகாது.

இளைஞர் இடறியது இந்த இடத்தில்தான். அவர் நிரலை எழுதியது குற்றமன்று. ஃபராயிழ் அறிந்த ஓர் உஸ்தாதிடம் அதைக் காட்டாமல் வழங்கியதே குற்றம். நிரலின் இலக்கணம் சரியாக இருந்ததால் விடையும் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டார். கணிப்பொறி பொய் சொல்வதில்லை. ஆனால் சொல்லித் தராத நீதியை அது அறிவதும் இல்லை.

இங்கே ஓர் உண்மை நம் உள்ளத்தைத் தொடுகிறது. நிரலின் படிமுறையை உலகம் 'அல்காரிதம்' என்று அழைக்கிறது. அந்தச் சொல், ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த கணித மேதை அல்குவாரிஸ்மி அவர்களின் பெயர் இலத்தீனில் திரிந்து வந்ததாகும். அல்ஜீப்ராவுக்குப் பெயர் தந்த அவருடைய நூலை, மக்கள் தம் வாரிசுப் பங்கீட்டிலும் வாணிகத்திலும் நில அளவையிலும் வாய்க்கால் வெட்டுவதிலும் பயன்படுத்த வேண்டும் என்ற நோக்கத்தோடுதான் எழுதினார். அந்நூலின் பெரும்பகுதி பாகப்பிரிவினைக் கணக்குகளே. திருச்சி விடுதியில் ஒரு மாணவர் எடுத்துக் கொண்ட கணக்கு, ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் அந்த மேதை எடுத்துக் கொண்ட கணக்கேயாகும். அவரிடம் எண்ணும் இருந்தது, சட்டமும் இருந்தது. நம் இளைஞரிடம் எண் இருந்தது. சட்டத்தைக் கேட்டறியும் பொறுமை அன்று இல்லை.

பிழை வெளிப்பட்ட பின் என்ன செய்வது? ஓசையின்றி ஏட்டைத் திருத்திவிட்டு, முன்பே சரியாக எழுதியது போல் காட்டுவது ஒரு வழி. அது படிப்பவனை ஏமாற்றுவதாகும். பழைய நகல் எங்கோ ஓர் அலமாரியில் இருந்துகொண்டே இருக்கும். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களுக்கு எழுதியதாக நூல்கள் கூறும் கடிதம் ஒன்றுண்டு. நேற்று ஒரு தீர்ப்பு வழங்கியிருந்தாலும், இன்று உண்மை வேறெனத் தெரிந்தால் அதன்பால் திரும்ப அது தடையாகலாகாது என்பது அதன் கருத்து. இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் இராக்கில் கூறிய கருத்துகள் பலவற்றை எகிப்துக்குச் சென்றபின் மாற்றிக் கொண்டார்கள். பழைய கூற்று, புதிய கூற்று என்று இரண்டையும் மாணவர்கள் பதிந்து வைத்தனர்; எது முந்தியது, எது பிந்தியது என்பது இன்றளவும் தெளிவாக இருக்கிறது. மாறியதால் அந்த இமாமின் மதிப்பு இம்மியும் குறையவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களோ தம்மிடம் கேட்கப்பட்ட வினாக்கள் பலவற்றுக்கு, 'நான் அறியேன்' என்றே விடை பகர்ந்தார்கள்.

நிரல் எழுதுவோர் இதிலிருந்து பெறும் பாடம் தெளிவானது. ஒவ்வொரு பக்கத்திலும் நாள் குறிக்க வேண்டும். நிரல் மொழிகள் ஆண்டுதோறும் மாறுவன. பத்தாண்டுக்கு முன் சரியாக இருந்த வழி இன்று தீங்காக முடியலாம். எந்த ஆண்டில், எந்தப் பதிப்பைக் கொண்டு எழுதினோம் என்பதைச் சொல்வது படிப்பவனுக்குச் செய்யும் நீதி. சோதித்துப் பார்த்ததை இதுவென்றும், சோதிக்காததை அதுவென்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். பிழை கண்டால், பிழை இருந்த இடத்திலேயே அதனை ஒப்புக் கொண்டு, திருத்தத்தை அருகில் எழுத வேண்டும். 1947ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகக் கணிப்பொறி ஒன்று பழுதானபோது, அதனுள் சிக்கியிருந்த விட்டில் பூச்சியை எடுத்து, நாட்குறிப்பேட்டிலேயே ஒட்டி வைத்தனர். அந்த ஏடு இன்றும் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. பிழையை மறைக்காமல் ஏட்டில் ஒட்டி வைப்பதற்கு அதைவிட நல்ல உவமை வேண்டுமோ?

தொடங்குதலும் தொடர்தலும்

எழுதத் தொடங்குவது எளிது. புதிய ஏடு, புதிய பேனா, புதிய உறுதி எல்லாம் முதல் மாதத்தில் இருக்கும். ஆறாம் மாதத்தில் ஏட்டின் மீது தூசு படியும். இறைவனுக்கு மிக உவப்பான செயல், சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரை. நாளுக்குப் பத்துப் பக்கம் என்று சூளுரைத்துவிட்டு வாரத்தில் ஓய்ந்து போவதைவிட, வெள்ளிதோறும் ஒரு பக்கம் என்று வரையறுத்துக் கொண்டு ஆண்டுக்கணக்கில் தொடர்வது மேல். சுஜாதாவுக்குக் கிடைத்ததும் இதழின் கடைசிப் பக்கம் ஒன்றே. ஒரு பக்கமாயினும் முப்பதாண்டுகளில் அது நூலாகத் தொகுக்கும் அளவுக்குப் பெருகியது.

எம்மொழியில் எழுதுவது என்ற வினாவும் உண்டு. உலகம் முழுதும் படிக்க ஆங்கிலம் உதவும், அதனை மறுப்பதற்கில்லை. ஆனால் உலகுக்கு எழுத உலகெங்கும் ஆட்கள் உளர். முசிறியிலிருந்தும் துறையூரிலிருந்தும் பேருந்தில் வரும் பிள்ளைக்கு எழுத நம்மை விட்டால் யார் இருக்கிறார்? நம் முன்னோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். அரபு அறியாத ஆண்களும் பெண்களும் மார்க்கத்தைக் கற்க வேண்டும் என்பதற்காக, தமிழை அரபு எழுத்தில் எழுதும் அரபுத்தமிழை வளர்த்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் மார்க்கச் சட்டங்களை அதில் எழுதி வீடுவீடாகச் சேர்த்தார்கள். புதிய கல்வியை மக்கள் மொழியில் எழுதுவது நமக்குப் புதிதன்று. அது நம் மரபு.

குடும்பங்களுக்கும் ஒரு சொல் கூற விரும்புகிறோம். கணிப்பொறி கற்கும் பிள்ளையிடம், "எங்கே வேலை, என்ன சம்பளம்?" என்று கேட்பது இயல்பே. அதனோடு, "இன்று என்ன கற்றாய்? எனக்கு விளங்கும்படி சொல்" என்றும் கேட்டுப் பாருங்கள். உம்மாவுக்கும் வாப்பாவுக்கும் விளங்கச் சொல்ல முடிந்ததே உண்மையில் கற்றது. சொல்ல முடியாதது இன்னும் கற்காதது. அவ்வாறு சொன்னதை ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். திருச்சியில் ஜமால் முஹம்மது சாஹிபும் காஜாமியான் ராவுத்தரும் 1951இல் கல்லூரி எழுப்பியபோது, தம் மக்களுக்கு மட்டும் என்று எண்ணவில்லை. வரும் தலைமுறை முழுதையும் எண்ணினார்கள். கல்லூரி கட்டும் செல்வம் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஓர் ஏட்டை நிரப்பும் செல்வம் கற்றவர் அனைவரிடமும் இருக்கிறது.

இனி அந்த இளைஞரிடம் வருவோம். நாம் சொன்னதைக் கேட்டவர், மறுநாளே இமாம் அவர்களிடம் சென்று அவ்ல் விதியைப் பாடமாகக் கேட்டார். அதனோடு தொடர்புடைய மற்ற விதிகளையும் கேட்டார். 'முன்பு நான் தந்த நிரலில் பிழை உண்டு. அதனைக் கொண்டு எவருடைய பங்கையும் கணக்கிட வேண்டா' என்று தலைப்பிட்டு ஒரு பக்கம் எழுதினார். எங்கே பிழைத்தது, ஏன் பிழைத்தது, எவர் திருத்தினார் என்பதை அதில் விளக்கினார். நகலெடுத்து விடுதி அறைகள்தோறும் சென்று கொடுத்தார். சிலர் சிரித்தனராம். பலர் பழைய பக்கத்தோடு புதியதைச் சேர்த்துத் தைத்துக் கொண்டனராம். ஒரே ஒரு நகல் மட்டும் ஊருக்குச் சென்ற ஒரு மாணவரோடு போய்விட்டது. அவரைத் தேடிக் கொண்டிருக்கிறார்.

அந்த ஒரு நகலுக்காக அவர் கொள்ளும் கவலையே அவர் எழுதத் தகுதியுடையவர் என்பதற்குச் சான்று என்று நாம் கருதுகிறோம். கவலையற்றவன் எழுதுவதே ஆபத்து. குறிப்பேட்டை அவரிடமே திருப்பிக் கொடுத்தோம். வெள்ளிக்கிழமை வந்தது, ஒரு பக்கம் எழுதியதாகச் செய்தி அனுப்பினார்.

கற்றதைக் கரவாது வழங்கும் உள்ளத்தையும், பிழைத்ததை மறையாது உரைக்கும் துணிவையும் வல்ல இறைவன் நம் பிள்ளைகளுக்கு அருள்வானாக! ஆமீன்.